கஸ்தூரி டீச்சருக்கு வால் முளைத்த கதை

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. பக்கத்து இலைக்காரர் சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில், ஒரு கவளத்தையும் தவறவிடாமல், முழுசாகச் சொல்லி முடித்தார். நான் சிரித்த சிரிப்பில் என் அப்பளம் நொறுங்கிப் போனது. பாயசம் வந்ததும் அவர் பாயசத்தின் பக்கம் போய்விட்டார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் ரசத்துக்குள் முடித்ததை நான் ஆடி மாதத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள் இவை:

அருப்புக்கோட்டையில் அன்று வெயில்—

(எந்த நாளில்தான் அங்கே வெயில் இல்லை? அடித்தாயிற்று.)

ஆசிரியப் பணி என்பது ஒரு—

(இந்த வாக்கியத்தை முடித்தால் யாராவது விழாவுக்குப் பேசக் கூப்பிட்டுவிடுவார்கள்.)

மணி அடித்தது. கஸ்தூரி மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்தாள். உள்ளே ஒரு ஆடு.

(பந்திக்காரர் சொன்னதில் ஆடே கிடையாது. நானாக ஓட்டிக்கொண்டு வந்தது. சில நாள் அதோடு மல்லுக்கட்டிப் பார்த்தேன். அது கதையை மேய ஆரம்பித்துவிட்டது. விரட்டிவிட்டேன்.)

ஆகவே அலங்காரம் வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். இடையிடையே நான் தலையை நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அது என் சுபாவம்.

2

1969. கஸ்தூரிக்குப் பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். பாளையம்பட்டியில் அவள் அப்பா அருஞ்சுனைக்குக் கடை. வாளி, கயிறு, மண்வெட்டி, மாட்டுக்குப் புண்ணாக்கு. கடைக்குப் பின்னாலேயே வீடு.

அவளுக்கு டீச்சராக வேண்டும் என்று ஆசை. ஏன் ஆசை என்று நான் அழகாக ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். அறியாமை, இருள், விளக்கு என்றெல்லாம் அதில் வரும். பந்திக்காரர் சொன்ன காரணம் வேறு. டீச்சருக்கு ஒரு மேசை உண்டு, மேசைக்கு ஒரு டிராயர் உண்டு, டிராயருக்குச் சாவி உண்டு. நாலு தம்பிகள் இருக்கிற வீட்டில் ஒரு ரிப்பனைக்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாத பெண்ணுக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? என் பத்தியைக் கிழித்துப் போட்டேன்.

அருஞ்சுனை யோசித்தார்.

"ஏத்தா, ட்ரெயினிங்கு முடிச்ச பொறவு புடிக்கலைன்னு வந்து நின்னா என்ன செய்யிறது? வாளி வாங்குறவன்கூட ஒருதடவ தண்ணி ஊத்திப் பாத்துட்டுத்தான் வாங்குறான். ஏதாச்சும் ஸ்கூலுல ஒரு மாசம் சும்மா போயி நின்னு பாரு. சரிப்பட்டு வந்துச்சுன்னா நானே கொண்டு போயிச் சேத்து விடுறேன்."

அருப்புக்கோட்டை டவுனுக்குள் நெசவாளர் தெருக்களுக்கு நடுவே ஒரு ஆரம்பப் பள்ளி இருந்தது. (பெயரைத் தேடாதீர்கள். நான் இப்போதுதான் கட்டினேன். கூரைக்கு ஓடு போடலாம் என்று இருக்கிறேன்.) அங்கே மூன்றாம் வகுப்பு டீச்சர் பிரசவத்துக்குப் போயிருந்தார். பதில் ஆள் வரவில்லை. ஹெட்மாஸ்டர் ஐயாத்துரை, நரிக்குடிக்காரர், மீசைக்காரர், வகுப்புகளுக்கிடையே ஓடி ஓடி இளைத்துப் போயிருந்தார். கஸ்தூரி போய் நின்றதும் சந்தேகமாகப் பார்த்தார்.

"சம்பளம் கெடையாதும்மா."

"தெரியும் சார்."

"பிள்ளைக பேசிக்கிட்டே இருக்கும்."

"பிள்ளைகதான சார்."

"வீட்டுல அதுக தெலுங்கு. உங்களுக்குத் தெலுங்கு வருமா?"

"வராது சார்."

"எனக்கும் வராது" என்று கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

மேசை இருந்தது. டிராயர் இல்லை. டிராயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருந்தது.

3

முதல் நாள் அவள் "பேசாதீங்க" என்றாள். யாரும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் கீழ்ப்படியவில்லை என்று அர்த்தமில்லை. அந்தச் சத்தத்தில் காதிலேயே விழவில்லை. இரண்டாம் நாள் மேசையைத் தட்டினாள். பிள்ளைகளும் சந்தோஷமாகப் பலகையைத் தட்டினார்கள். மூன்றாம் நாள் "வாய மூடுங்க!" என்று கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது. வீட்டில் மிளகுப் பால் குடித்தாள்.

அதற்கடுத்த நாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளைகளிடம் பிள்ளைகளின் மொழியிலேயே சொன்னால் என்ன? முன்வரிசையில் சௌடேஸ்வரி என்று ஒருத்தி. எட்டு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. வகுப்பு அவள் சொன்னபடிதான் நடந்தது என்பது கஸ்தூரிக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. அவளைக் கூப்பிட்டாள்.

"உங்க பாசையில 'வாய மூடு'ங்கிறதுக்கு என்ன சொல்லுவீங்க?"

சௌடேஸ்வரி கூரையைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னாள்:

"நாக்கு தோக்க உந்தி, டீச்சர்."

கஸ்தூரி மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நாக்கு. சரிதான், நாக்கைத்தான் சொல்கிறார்கள். நாக்கை உள்ளே வை என்கிற மாதிரி ஏதோ ஒன்று. தெலுங்கு அப்படியொன்றும் கஷ்டமான மொழி இல்லை போலிருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது.

[இந்த இடத்தில் நான் அர்த்தத்தை உங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்து, கடைசியில் போட்டு உடைக்கலாம். கெட்டிக்கார எழுத்தாளர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் வாசகர்களில் தெலுங்கு தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்து முடித்திருப்பார்கள். அவர்கள் மட்டும் சிரிக்க, மற்றவர்கள் முழிக்க வேண்டுமா? 'நாக்கு தோக்க உந்தி' என்றால் 'எனக்கு வால் இருக்கிறது' என்று அர்த்தம்.]

கஸ்தூரி எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். ஐம்பது பிள்ளைகளும் கேட்கும்படி, கட்டின தொண்டையோடு, கண்டிப்பாகச் சொன்னாள்:

"நாக்கு தோக்க உந்தி!"

வகுப்பு அப்படியே அடங்கிப் போனது.

4

ஏன் அடங்கியது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பந்திக்காரரிடம் கேட்டேன். அவர் கூட்டைத் தொட்டுக்கொண்டே விளக்கினார்.

முதல் தடவை, பிள்ளைகள் திகைத்துப் போய் அடங்கினார்கள். அன்று மத்தியானம் தண்ணீர்த் தொட்டியடியில் சௌடேஸ்வரி ஒரு சட்டம் போட்டாள். "எவனாச்சும் சிரிச்சீங்கன்னா டீச்சரு கண்டுபிடிச்சிருவாக. அப்புறம் சொல்ல மாட்டாக." சட்டத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அன்றிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் ஐம்பது கன்னங்கள் உப்பும், ஐம்பது வாய்கள் இறுக மூடும். சிரிப்பை அடக்க வேண்டுமென்றால் வாயை மூடித்தானே ஆக வேண்டும்?

(ஐம்பது பேருக்கு நூறு கன்னங்கள். கணக்கு வாத்தியார்கள் மன்னிக்க.)

அந்த அமைதியில் கஸ்தூரி பாடம் நடத்த ஆரம்பித்தாள். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. மழை எப்படி வருகிறது என்று சொன்னாள். அந்த ஊரில் அது ஏறக்குறைய மாயாஜாலக் கதை. கூட்டல் சொன்னாள். ரயில், கடல், திமிங்கிலம் எல்லாம் சொன்னாள். பாடம் முடியுமுன் மணி அடித்தால் பிள்ளைகள் மணியைத் திட்டினார்கள். அவளுக்கும் ஒரு விஷயம் புரிந்தது. டிராயர் இல்லாததை இரண்டு வாரமாக அவள் நினைக்கவே இல்லை.

ஹெட்மாஸ்டர் வராந்தாவில் போகும்போது நின்றார். மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரே ஒரு குரல் மட்டும் வருவதைக் கேட்டு, யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று பயந்து ஓடி வந்தார்.

"என்னம்மா செஞ்சீக?"

"பிள்ளைக பாசையிலயே சொன்னேன் சார்." அவள் செய்து காட்டினாள்.

ஐயாத்துரை அசந்து போனார். மறுநாள் காலைப் பிரார்த்தனையில், பள்ளி முழுவதுக்கும் முன்னால் நின்று, மீசையை நீவிவிட்டு, நரிக்குடிக் குரலில் கர்ஜித்தார். "நாக்கு! தோக்க! உந்தி!" பள்ளி முழுவதும் கன்னம் உப்பியது.

[உண்மை தெரிந்த பெரியவர் பள்ளியில் ஒருவர்தான் இருந்தார். தண்ணீர் எடுத்து ஊற்றும் பஞ்சம்மாள். அவருக்கும் வீட்டில் தெலுங்குதான். ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு கேட்டதற்கு, "பெரிய சாரு காலையில அதச் சொல்லுறதக் கேக்கணும்னே வீட்டு வேலையப் போட்டுட்டு வெரசா வந்துக்கிட்டு இருந்தேன். அதக் கெடுத்துக்கவா?" என்றாராம்.]

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்து பேனாவை மூடி வைத்தேன். பத்தொன்பது வயசுப் பெண், புத்தியுள்ளவள், அர்த்தத்தை யாரிடமும் சரிபார்க்காமலா இருந்திருப்பாள்? பிறகு என் வாழ்க்கையில் நான் அர்த்தம் தெரியாமல் சொல்லிக்கொண்டு திரிகிற வார்த்தைகளை யோசித்துப் பார்த்தேன். பலிக்கிற வார்த்தைக்கு யாரும் அகராதி பார்ப்பதில்லை. பேனாவைத் திறந்தேன்.

5

சுதந்திர தினம் வந்தது. கொடியேற்றம், மிட்டாய், பிள்ளைகளின் பாட்டு. பெற்றோர் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். தெருக்களே திரண்டு வந்துவிட்டன. வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. முன்வரிசையில், தோளில் புதுத் துண்டோடு அருஞ்சுனை. மகள் நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டுச் செல்லத்தான் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார்.

கைக்குழந்தைகள் அழுதன. பெரியவர்கள் நூல் கிடைக்காததைப் பற்றிச் சத்தமாகப் பேசினார்கள். ஹெட்மாஸ்டர் மைக்கில் "அமைதி, அமைதி" என்று சொன்னது கொடிக்கம்பத்தைக்கூடத் தாண்டவில்லை. வியர்த்துப் போய்த் திரும்பினார்.

"கஸ்தூரியம்மா, நீங்க சொல்லுங்க."

கஸ்தூரி மைக்கின் முன் வந்தாள். அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"நாக்கு தோக்க உந்தி!"

வேப்பமரம் அதை நான்கு தெருவுக்கும் அறிவித்தது.

பிள்ளைகள் பழக்கத்தில் கன்னத்தை உப்பினார்கள். பெரியவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அழுத கைக்குழந்தைகளின் அம்மாக்கள் குழந்தையை மறந்தார்கள். அப்படி ஒரு அமைதி. ஹெட்மாஸ்டர் பூரித்துப் போனார். மைக்கை வாங்கிக்கொண்டு, "அவுக மட்டுமில்ல, தலைமையாசிரியருங்கிற முறையில நானும் சொல்லிக்கிறேன்" என்று ஆரம்பித்து, "நாக்கு தோக்க உந்தி!" என்று முழங்கினார்.

பின்வரிசையில் சென்னய்யா என்று ஒரு பெரியவர் எழுந்தார். தெலுங்கில் கேட்டால் சாருக்குப் புரியாதே என்று தமிழிலேயே, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"எங்கன இருக்கு சார்? சித்த இங்கிட்டுத் திரும்பி நில்லுங்க, நாங்களும் பாத்துக்கிறோம்."

அவ்வளவுதான். கூட்டம் வெடித்தது. பிள்ளைகள் ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பும் சேர்ந்து வெடித்தது. ஒரு கிழவர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்தார். ஸ்பீக்கர்காரர் சிரிப்பில் ஒயரைப் பிடுங்கிவிட்டார். கஸ்தூரி ஒன்றும் புரியாமல் தன் சேலையைக் குனிந்து பார்த்தாள், எங்காவது கிழிந்திருக்கிறதோ என்று. பஞ்சம்மாள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து காதில் சொன்னார்.

அவள் முகம் போன போக்கை எழுத மூன்று தடவை முயன்றேன். அவள் முகம் சிவந்து— இல்லை. பூமி பிளந்து தன்னை— இல்லை. அவள் மேடையை விட்டு இறங்கி, கூட்டத்துக்கு நடுவே, குடையைக்கூட எடுக்காமல், பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். அதுதான் நடந்தது.

பஸ்ஸில் அப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெகு நேரம் கழித்து அவள் கேட்டாள்.

"உங்களுக்கு அர்த்தம் தெரியுமாப்பா?"

"மாட்டுக்காரவுகளோட பேசிப் பேசி வாலு, கொம்பு வரைக்கும் தெரியும்த்தா."

"அப்ப நீங்களும் சிரிச்சீகளா?"

"துண்டு வாயில இருந்துச்சு" என்றார் அருஞ்சுனை. "சத்தம் வெளிய வரல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்கு ட்ரெயினிங்கு வேண்டாம்ப்பா."

"சரித்தா."

அவர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது. அன்று மாலையே ஹெட்மாஸ்டரிடமிருந்து ஆள் வந்தது. குடையைக் கொடுத்து அனுப்பியிருந்தார். இனி வர வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். பாவம், அவரை டீக்கடையில் பெஞ்சில் உட்காரவிடாமல், "பாத்து உக்காருங்க சார், மிதிபட்டுரப் போகுது" என்று கேலி செய்துவிட்டார்களாம்.

6

இந்த இடத்தில் நான் வேறு முடிவுகளை யோசித்தேன்.

ஒன்று, பழிக்குப் பழி. கஸ்தூரி திரும்பப் போய், 'குட் மார்னிங் சார், வீ ஆர் டாங்கீஸ்' என்று வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். பிள்ளைகள் ஹெட்மாஸ்டரைப் பார்த்துக் கோரஸாகச் சொல்கிறார்கள். அவர் "வெரி குட், சிட் டவுன்" என்கிறார். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் சௌடேஸ்வரி இதற்கெல்லாம் ஏமாறுகிறவள் இல்லை.

இன்னொன்று, முப்பது வருஷம் கழித்து ஒரு கார் வந்து நிற்கிறது. கலெக்டர் சௌடேஸ்வரி இறங்கி டீச்சர் காலில்—

காரை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

நடந்தது என்னவென்றால், அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டவுன் பஸ்ஸில் ஒரு அம்மா வந்து இறங்கினார். சௌடேஸ்வரியின் தாயார் வெங்கடலட்சுமி. மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே கடைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, டீச்சரு இருக்காகளா?"

கஸ்தூரி உள்ளேயிருந்து வந்தாள். சௌடேஸ்வரியைப் பார்த்ததும் திரும்பப் போனாள்.

"நில்லுங்க டீச்சர். இவள ஒங்க கால்ல விழவைக்கத்தான் கூட்டியாந்தேன். கேளுடி மன்னிப்பு."

"மாட்டேன்" என்றாள் சௌடேஸ்வரி.

கஸ்தூரி நின்றாள். நான்கு நாளாக உள்ளே வைத்திருந்த கோபம் எல்லாம் வெளியே வந்தது. "நீ பொய் சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"உன்னாலதான் ஊரே என்னப் பாத்துச் சிரிச்சுச்சு."

"நாங்க சிரிக்கலையே! ஒரு மாசமா எம்புட்டுக் கஷ்டப்பட்டு அடக்கி வச்சிருந்தோம்!" சௌடேஸ்வரிக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "நீங்க மொத நாளு 'வாய மூடு'ன்னீக. யாராச்சும் மூடுனோமா? வீட்டுலயும் அதான் சொல்றாக, தெருவுலயும் அதான் சொல்றாக. வாலு இருக்குன்னு எந்த ஊரு டீச்சரு சொல்லியிருக்காக? அதான், அடுத்து என்ன சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தோம்."

(இதற்குக் கஸ்தூரிக்காக நான் இரண்டு மூன்று பதில் எழுதிப் பார்த்தேன். எட்டு வயதுக்காரியிடம் எடுபடவில்லை.)

"மன்னிப்பு நீங்கதான் கேக்கணும்" என்றாள் சௌடேஸ்வரி.

வெங்கடலட்சுமி தலையில் அடித்துக்கொண்டார். "கேட்டீகளா அண்ணாச்சி, இவ பேச்ச?"

"நான் எதுக்குடி கேக்கணும்?"

"ரெண்டு பேர நிலாவுல விட்டுட்டு வந்துட்டீகளே!"

அந்த ஜூலையில்தான் நிலாவில் மனிதர்கள் இறங்கியிருந்தார்கள். பேப்பரில் படித்ததை வைத்துக் கஸ்தூரி அதை வகுப்பில் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"வியாழக்கெழம ஏணியில கால வச்சாக. மணியடிச்சிருச்சு. மிச்சம் அப்புறம்னீக. பொறவு நீங்க வரவே இல்ல. எங்கள நாலாங்கிளாஸோட சேத்து உக்கார வச்சிட்டாக. பெரிய சாரு வாய்ப்பாடு மட்டும் சொல்லச் சொல்றாரு. அவுக இன்னும் ஏணியிலயே நிக்கிறாக."

"அவுக ஊரு திரும்பி எம்புட்டு நாளாச்சு! பேப்பர்ல வந்துச்சே" என்றாள் கஸ்தூரி.

"அது பேப்பருக்கு. எங்களுக்கு இன்னும் வரலல்ல?"

வெங்கடலட்சுமி குரலைத் தாழ்த்தினார். "பெரிய சாரும் தவிக்கிறாரு டீச்சர். நூறு பிள்ளைகளோட ஒத்தையாக் கத்தித் தொண்டையே போயிருச்சு. நேத்து பஞ்சம்மாகிட்ட ஒங்க வீடு எங்கன்னு கையச் சாடையா காட்டித்தான் கேட்டாராம்." பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, "இவ வீட்டுல வந்து தெனமும் சொல்லுவா. நானும் ஏணி வரைக்கும்தான் கேட்டேன்" என்றார்.

கஸ்தூரி கடைக்குள் கண்ணை ஓட்டினாள். ஒரு தகர வாளியை எடுத்தாள். அவிழ்க்காத புண்ணாக்கு மூட்டை ஒன்றின் மேல் கவிழ்த்து வைத்தாள். ஒரு துண்டுக் கயிற்றை வாளியிலிருந்து கீழே தொங்கவிட்டாள்.

"வாளிதான் அவுக எறங்குன கப்பல். இது ஏணி. கீழ பூராம் தூசி. மரம் இல்ல, காத்து இல்ல, ஒரு காக்கா கெடையாது."

"நம்ம திருச்சுழி ரோடு மாதிரி" என்றார் வெங்கடலட்சுமி.

"அதவிட மோசம். மொதல்ல ஒருத்தரு எறங்குறாரு. கால வச்சா, உள்ள போயிருமோன்னு பயம்..."

"மூணாவது ஆளு ஒருத்தரு உண்டுல்ல டீச்சர்?" என்றாள் சௌடேஸ்வரி.

"அவரு எறங்கல. மேல தனியாச் சுத்திக்கிட்டே இருக்காரு. அவரும் எறங்கிட்டா இவுகள யாரு கூட்டிட்டு வாரது?"

"பாவம்" என்றார் வெங்கடலட்சுமி.

புண்ணாக்கு வாங்க வந்த சந்தனம் என்ற விவசாயி, கடை வாசலில் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்த மூட்டையின் மேல் கையை வைத்தார்.

"அண்ணாச்சி, இதுலயிருந்தே போட்டுருங்களேன்."

"அதத் தொடாதீரும்" என்றார் அருஞ்சுனை, மகள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அது நிலா. வேற மூட்டையில அள்ளித் தாரேன். அவுக எறங்கட்டும்."

சந்தனம் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தார்.

7

திரும்பிப் போகிற பஸ் வந்தது. ஹாரன் அடித்தது. கண்டக்டர் படியில் நின்று சத்தம் போட்டார்.

"ஏம்மா, டவுனுக்கு வாரீகளா இல்லையா?"

"சித்த இருங்க" என்றார் வெங்கடலட்சுமி. "ரெண்டு பேரு இன்னும் மேல இருக்காக."

கண்டக்டர் கடையின் கூரையை அண்ணாந்து பார்த்தார். யாரும் இல்லை. சந்தேகம் தீராமல் இறங்கி வந்தார்.

பந்திக்காரர் இதற்கு மேல் ஒரு வரி சொன்னார்: கஸ்தூரி ட்ரெயினிங் ஸ்கூலில் சேர்ந்தாளா, ஹெட்மாஸ்டர் மன்னித்தாரா, தெலுங்கு கற்றுக்கொண்டாளா என்று. அதை நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் அருஞ்சுனை முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். வேறு மாதிரி வேண்டுமென்றால், கலெக்டர் கார் இன்னும் பக்கத்துத் தெருவில்தான் நிற்கிறது, கூப்பிட்டுக்கொள்ளுங்கள். நான் இந்தக் கடை வாசலை விட்டு நகர்வதாக இல்லை.

பஸ்ஸிலிருந்து இன்னும் இரண்டு பேர் இறங்கி வந்து நின்றார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்தார். கஸ்தூரி கவிழ்ந்திருந்த வாளியை இரண்டு கையாலும் பிடித்தாள். இனி அது மூட்டையை விட்டுக் கிளம்ப வேண்டும். தூக்குவதற்கு முன்னால் தலையை நிமிர்த்தி, எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள்.

யாரும் பேசவில்லை.